நாலு விரற்கடை

காலையில் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிற என் வயசுக்காரர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மகனோ மகளோ கையில் ஒரு வாட்ச் கட்டிவிட்டிருப்பார்கள். எனக்கும் கட்டியிருக்கிறாள் என் மகள். நான் உட்கார்ந்த இடத்தில் சப்பாத்தி மாவு பிசைந்தால்கூட அதை நடை என்று நினைத்துப் பாராட்டுகிறது அந்த வாட்ச். அதன் பாராட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிஜமான நடை என்னவென்று ஒன்பது வயதிலேயே பார்த்துவிட்டவள் நான்.

போன வருஷம் எனக்கு இடது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அதன் பிறகு அந்தக் கால் ஒரு நூல் குட்டையாகிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகுமாம். செருப்புக்குள் வைத்துக்கொள்ள டாக்டர் ஒரு சின்ன அட்டை கொடுத்தார். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிசியோதெரபி கொடுக்கும் பெண் பயந்துபோய், "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். வலியெல்லாம் இல்லை, அத்தை ஞாபகம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அதை முழுசாகச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நமக்கென்ன அவசரம்?

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் எடை போடுகிற வேலை. தினமும் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் போய் வருவார். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் தவிடு ஒட்டியிருக்கும். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். மூன்று வயதில் ஏதோ காய்ச்சல் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப்போய்விட்டது. இடது உள்ளங்கையைத் தொடைமேல் ஊன்றி அழுத்தித்தான் அந்தக் காலை எடுத்து வைப்பாள். அடிக்கு அடி தலை ஒரு பக்கம் தாழ்ந்து எழும்பும். கூட்டத்தில் அத்தையை எங்கே பார்த்தாலும் அந்தத் தலையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். கை ஊன்றுகிற இடத்தில் மட்டும் அவளுடைய புடவைகள் எல்லாம் சாயம் போயிருக்கும்.

அவளுடைய இடது செருப்புக்கு அடியில் தக்கை வைத்து உயரம் கூட்டித் தைத்திருக்கும். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் அப்பாதான் தைத்து வாங்கி வருவார். பழையது தேய்ந்ததும் அதையே மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "இதே மாதிரி ஒண்ணு" என்பார். தங்கை மேல் அவருக்கு உயிர். அவள் ஸ்கூல் போன காலத்தில் மழை நாளில் தோளில் தூக்கிக்கொண்டு போய் விட்டவர். அதைத் தெருவே சொல்லும். அவள் வளர்ந்து, டீச்சர் பயிற்சி முடித்து, இருபத்து மூன்று வயதாகியும் அவர் மனசில் இன்னும் இறக்கிவிடவில்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அந்த வருஷம் அத்தைக்கு வேலை கிடைத்தது. உப்பிலியபுரம் தாண்டி பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஆரம்பப் பள்ளி டீச்சர். அந்த மாசக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாது" என்றார் அப்பா. "இறங்கி ஏரிக்கரை, அப்புறம் சோளக்காடு, அப்புறம் மலையடிவாரம். யாரு உன்னைத் தூக்கிட்டுப் போவா?"

"யாரும் தூக்க வேண்டாம்ணே. நடந்துக்குவேன்."

"கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்தாலே ராத்திரி பூரா காலைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்க. எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்காக இங்கேயே உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

நாலு நாள் இதே பேச்சு. சாப்பிடும்போது, கை கழுவும்போது, விளக்கேற்றும்போது. ஐந்தாம் நாள் அப்பா ஆலையிலிருந்து வந்து, மேட்டூரில் திறந்த தண்ணீர் சனிக்கிழமை சாயங்காலம் முக்கொம்பு அணைக்கு வந்துவிடும் என்றார். கோடையெல்லாம் வெறும் மணலாகக் கிடக்கிற காவிரியில் புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்க வருஷா வருஷம் பஸ் ஏறி முக்கொம்பு போவது எங்கள் வீட்டு வழக்கம். அத்தை மட்டும் வரமாட்டாள். கூட்டத்தில் அவள் சிரமப்படுவாள் என்று நாங்களே முடிவு செய்து, அவளுக்கு ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவோம்.

"இந்த வருஷம் நானும் வரேன்" என்றாள் அத்தை. "நடந்து."

அப்பா சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, முக்கொம்பு வரைக்கும் நடந்து காட்டு. அப்புறம் நீ எந்த ஊருக்கு வேணா போ, நான் குறுக்கே நிக்கலை" என்றார். அவள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள், ஊரைக் கூட்டாமல் விஷயம் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. உட்கார்ந்தால் ஏற்றிக்கொண்டு வருவதற்கு சைக்கிளையும் கூடவே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அம்மா விடியுமுன் எழுந்து ஒரு தூக்குவாளியில் புளிசாதமும் இன்னொன்றில் தயிர்சாதமும் கட்டினாள். "ரெண்டு வேளைக்கும் இருக்கு. பாதியிலே திரும்பி வந்தீங்கன்னா வீணாப்போயிடும்" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னாள். என்னைத் துணைக்கு அனுப்பினாள். யாருக்கு யார் துணை என்று சொல்லவில்லை.

மேலூர்ப் பக்கம் வாழைத்தோப்புகள் தொடங்கும்போது வெளிச்சம் வந்திருந்தது. வாழைக்குள் நுழைந்து நடந்திருக்கிறீர்களா? வெளிச்சமே பச்சையாக இருக்கும். காய்ந்த சருகு தோளில் உரசும். எங்கேயோ ஓரிடத்தில் சொட்டுச் சொட்டாக இலையிலிருந்து தண்ணீர் விழும், எந்த இலை என்று தெரியாது. தோப்பு முடிந்தால் உழுது போட்ட வயல். தண்ணீருக்காகக் காத்து வெடித்துக் கிடந்தது. அதற்கப்புறம் கரும்பு, மறுபடி வாழை. ஓர் ஊர்ப் பக்கத்தில் இவ்வளவு நிலம் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. பஸ் ஜன்னலில் எல்லாம் சட்டென்று முடிந்துவிடும். நடந்தால் முடியவே முடியாது.

வழியெல்லாம் அப்பாவுக்குத்தான் அர்ச்சனை. இலை அறுத்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏங்க, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறீங்க, அந்தப் பொண்ணை ஏத்திக்கக் கூடாதா?" என்றார். கொஞ்சதூரம் போனதும் ஆடு மேய்த்த அம்மாள் இன்னும் பலமாகக் கேட்டாள். "அவதாம்மா ஏற மாட்டேங்குறா" என்று சொல்லிச் சொல்லி அப்பாவுக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. அத்தை எங்காவது நின்றால் சைக்கிள் மணியை ஒரு தட்டு தட்டுவார். ஏறிக்கிறியா என்று அர்த்தம். அத்தை திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டுவாள்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் நடை கடினமாகிவிட்டது. கரைமேல் வண்டித்தடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. அப்பா அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நானும் அத்தையும் அதற்குக் கீழே சரிவில் ஓடிய ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். நாங்கள் மேற்கே பார்த்துப் போகிறோம். எங்களுக்கு இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் கரை. பாதை ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்ததால் அத்தையின் குட்டைக்கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்தது. தலை முன்னைவிட ஆழமாகத் தாழ்ந்து எழும்பியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். மேலேயிருந்து அப்பா பார்த்துக்கொண்டே வந்தார். மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்.

உச்சிவெயிலுக்குக் கொஞ்சம் முன்னால், ஆறு வளைகிற ஓர் இடத்தில் பெரிய தாழ்வு ஒன்று வந்தது. போன வருஷத் தண்ணீர் அங்கே இன்னும் தேங்கி நின்றது. சுற்றிலும் ஆளுயரக் கோரையும் நாணலும். சேற்றில் நண்டு வளைகள். நாங்கள் நாணலை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்ததும் தண்ணீர் ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது தெரிந்தது. அவ்வளவும் கொக்கு. நடுநடுவே நாரை, கறுப்பாக நீர்க்காகம். ஒன்று எழும்பியது. உடனே எல்லாம் எழும்பின. தலைக்குமேல் சிறகுச் சத்தம் மட்டும்தான் இருந்தது, வானத்தைக் காணவில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு எங்களை மன்னித்த மாதிரி மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. நான் மூச்சு விட மறந்து நின்றேன்.

அத்தை நாணலைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். பிறகு, "இதே ஸ்ரீரங்கத்துலதானே பொறந்து வளந்தேன்? இப்படி ஒண்ணு இங்கே இருக்குன்னு யாருமே எங்கிட்ட சொல்லலையே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்பாவுக்குச் சுட்டிருக்க வேண்டும். அவர் சைக்கிள் செயினில் எதையோ பார்ப்பவர் மாதிரி குனிந்துகொண்டார்.

அங்கேயே புளிசாதம் சாப்பிட்டோம். அதைத் தாண்டினால் மரங்கள் அடர்ந்த பகுதி. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மருத மரங்கள், மூங்கில் புதர்கள், நாவல். உள்ளே நுழைந்ததும் வெயில் அணைந்துவிட்டது. மேலே பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கின. சருகு மெத்தையில் எங்கள் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கீழே விழுந்து கிடந்த நாவல்பழத்தை ஊதி ஊதித் தின்றோம். அத்தை நாக்கை நீட்டிக் காட்டினாள், கருநீலமாக இருந்தது. நானும் காட்டினேன். அப்பாவைக் காட்டச் சொன்னோம், அவர் காட்டவில்லை. காட்டாமலே பல் ஊதாவாகத் தெரிந்தது.

அந்த இடத்தில்தான் அத்தை விழுந்தாள். சருகுக்குள் மறைந்திருந்த வேர் தடுக்கியது. எழுந்து, மரங்களைவிட்டு வெளியே ஆற்றோரம் வரைக்கும் வந்து, மணலில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. அப்பா சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி வந்து அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும்மா" என்றார். "யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

"இன்னும் எவ்வளவு தூரம்ணே?"

அப்பா மேற்கே பார்த்தார். "இன்னும் இதே அளவு இருக்கு" என்றார்.

பெரியவளான பிறகு ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். முக்கொம்பு அங்கிருந்து அடுத்த வளைவுதான். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் வீங்கிய காலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். அந்த ஊர், அந்தப் பள்ளிக்கூடம், அவள் முகம் தெரியாத அந்தப் பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்துபோயின. எனக்கு அழுகை முட்டியது. அப்பா சைக்கிளை எடுத்து வர எழுந்தார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. யாரோ பெரிய முற்றத்தைத் துடைப்பத்தால் பெருக்குகிற சத்தம். காற்று என்று நினைத்தேன். ஆனால் மூங்கில் அசையவில்லை. மேற்கே மணலுக்கு மேல் காக்கைகளும் கொக்குகளும் தாழப் பறந்து பறந்து எதையோ கொத்திக்கொண்டு வந்தன. அவற்றுக்குக் கீழே மணல் கறுத்துக்கொண்டே வந்தது.

தண்ணீர். சாயங்காலம் முக்கொம்பில் பார்க்க வேண்டியது, மத்தியானமே எங்களைத் தேடி வந்துவிட்டது.

முக்கொம்பில் மதகு திறந்த பிறகு வருகிற தண்ணீரைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். அது மேலேயிருந்து இரைந்து விழும், வேடிக்கையாக இருக்கும். ஆற்றின் நுனியை நான் பார்த்ததே இல்லை. ஆற்றுக்கு நுனி உண்டு, தெரியுமா உங்களுக்கு? ஒரு சாண் உயரம்கூட இல்லை. நுரையும், சருகும், செத்தையும், தேங்காய் மட்டையும், உயிருக்கு ஓடுகிற பூச்சிகளும் அதன் முன்வரிசை. அது பாய்ந்து வரவில்லை. கண் தெரியாதவர் கையால் துழாவுகிற மாதிரி மணலைத் தடவித் தடவி வந்தது. ஒரு பள்ளம் வந்தால் நின்றுவிடும். அதை நிரப்பும். நிரம்பும் வரை நகராது. பிறகு விளிம்பில் ஒரு விரல் நீளும், அதன் பின்னால் முழு ஆறும் நகரும். காய்ந்த மணல் அதைக் குடிக்கும்போது புஸ்ஸென்று ஓர் ஓசை வந்தது, கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியேறியது. அதோடு ஒரு மண்வாசனை எழுந்தது. கோடை முழுவதும் உள்ளே அடைத்து வைத்திருந்த வாசனை. அப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துவிட்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி வந்தால் இப்படித்தான் வரும் என்று நினைத்தேன், இவ்வளவு நிதானமாக.

"நொண்டி நொண்டித்தான் வருது, பாரு" என்றாள் அத்தை. அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நாங்கள் வாய் பிளந்து நின்ற நேரத்தில் அந்த நுரை வரிசை மணலில் வைத்திருந்த இடது செருப்பைத் தூக்கிக்கொண்டது. தக்கை வைத்த செருப்பல்லவா, அழகாக மிதந்தது. நான் ஓடினேன், எட்டவில்லை. அப்பா, "ஐயையோ, செருப்பு!" என்று கத்தினார். அத்தை மட்டும் சிரித்தாள். மிச்சமிருந்த வலது செருப்பை எடுத்து, "ஒத்தையா நீ இருந்து என்ன பண்ணப்போறே, நீயும் போ" என்று தண்ணீரில் போட்டாள்.

"தண்ணியைப் பாத்தாச்சு, செருப்பும் போச்சு. ஏறும்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார் அப்பா.

"அண்ணே, முக்கொம்பு நான் போகலை. அந்தப் பேச்சுல நான் தோத்துட்டேன்னே வச்சுக்குங்க. இப்ப வேற பேச்சு. இந்தத் தண்ணி நம்ம படித்துறைக்குப் போறதுக்குள்ள நான் அங்கே இருப்பேன். அது முந்திக்கிச்சுன்னா நான் ஜென்மத்துக்கும் வேலைன்னு வாயைத் திறக்க மாட்டேன். நான் முந்திக்கிட்டா என்னை விட்டுரணும்."

"வெறுங்காலோட, வீங்கின காலோட, ஆத்தோட போட்டியா?" அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "பைத்தியமா உனக்கு?"

அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். பாதைக்கு ஏறவில்லை. கீழேயே, கரையின் சரிவு மணலில் இறங்குகிற ஓரத்தில், கிழக்கே பார்த்து நடந்தாள். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கொஞ்சதூரம் போன பிறகுதான் கவனித்தேன். அத்தையின் தலை ஆடவில்லை.

நம்ப முடியாமல் மறுபடி பார்த்தேன். முன்னால் நேராக ஒரு தலை போகிறது. தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இரண்டு கையும் சும்மா வீசுகின்றன. ஏதோ முன்பின் தெரியாத பெண்ணுக்குப் பின்னால் போவது போல எனக்குப் பயமாகிவிட்டது. "அத்தே!" என்று கூப்பிட்டேன். திரும்பினாள், அத்தைதான். முகமெல்லாம் சிரிப்பு. "என்னமோ தெரியலைடி பாப்பா, கால் தானாப் போகுது" என்றாள். காவிரி அத்தையின் காலைச் சரி பண்ணிவிட்டது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அந்த வயதில் வேறு என்ன முடிவு செய்வது?

மத்தியானம் முழுக்க நாங்களும் ஆறும் நடந்தோம். மரக்கூட்டத்தைத் தாண்டினோம். தண்ணீர் ஒடுக்கமான ஓடை கண்ட இடத்தில் சரசரவென்று எங்களை முந்திப் போய்விடும், அதன் நுரையில் அந்தச் செருப்பு ஆடிக்கொண்டே போகும். "என் செருப்பு எனக்கு முன்னாடி போகுது பாரு" என்பாள். மாட்டுவண்டிக்காரர்கள் மணல் அள்ளிய பள்ளங்கள் வந்தால் ஆறு நின்றுவிடும். நாங்கள் முந்துவோம். கொக்குகளின் தாழ்வுக்கு வந்தபோது தண்ணீர் அதற்குள் இறங்கி வெகுநேரம் வெளியே வரவில்லை. பழைய தண்ணீரும் புதுத்தண்ணீரும் ஒன்றையொன்று சுற்றிப் பார்த்துக்கொண்டன. அங்கே உட்கார்ந்து அவசர அவசரமாகத் தயிர்சாதத்தை விழுங்கினோம். செருப்பு அந்த நாணலுக்குள் எங்கேயோ போய்விட்டது. அப்புறம் அதை நாங்கள் பார்க்கவில்லை.

ஒவ்வோர் ஊர் எதிரிலும் பிள்ளைகள் இறங்கி வந்து தண்ணீருக்கு முன்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். கரைமேல் மரங்களுக்கு நடுவே அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரியும், மறையும். அவர் சைக்கிளில் ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார். முதலில் அடிக்கடி மணி அடித்தார். பிறகு அடிக்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தபோது அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை அப்படித்தான் பார்ப்பார்.

வீட்டுப் பக்கம் நெருங்கும்போது எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அத்தைக்கும் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. பின்னால் ஆற்றின் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இப்போது அது முன்போலத் தயங்கவில்லை, பின்னாலிருந்து வருகிற தண்ணீர் அதைத் தள்ளியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடைசித் தூரம் முழுக்க நான் மனசுக்குள், மெதுவா வா, மெதுவா வா என்று ஆற்றிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

படித்துறையில் பெண்கள் கூடியிருந்தார்கள். தண்ணீர் சீக்கிரமே வருகிறது என்று செய்தி வந்திருக்க வேண்டும். தட்டில் பூவும் மஞ்சளும் கற்பூரமும். அம்மாவும் நின்றிருந்தாள். நல்ல காரியங்களில் அத்தை தானாகவே கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை, யாரும் முன்னால் வரச் சொன்னதும் இல்லை. இன்றைக்கு அவள் எல்லோருக்கும் முன்னால், வெறும் மணலில், தலைமுடி அவிழ்ந்து நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"தண்ணி எங்கேம்மா?" என்று ஓர் அம்மாள் மேலேயிருந்து கேட்டாள்.

"பின்னாலதாங்க வருது" என்றாள் அத்தை.

கடைசிப் படியில் கையை வைத்தாள். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சரிவு மணலிலேயே, காலைப் பதித்து நின்றாள். நுரை வரிசை வளைவில் திரும்பி வந்து, கடைசிப் பள்ளத்தை நிரப்பி, அவள் வலது பாதத்தைத் தொட்டது. மேலேயிருந்து பூ விழுந்தது. தண்ணீருக்குப் போட்ட பூதான். பாதி அவள் தலையில் விழுந்தது. பக்கத்தில் இறங்கி வந்த அம்மா அதைத் தட்டிவிடவில்லை.

அப்பா சைக்கிளோடு வந்து சேர்ந்தபோது அவள் ஈரம்படாத கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் தண்ணீரில் இறங்கியிருந்தது. நான் ஓடிப்போய், "அப்பா, அத்தை கால் சரியாயிடுச்சு!" என்றேன். அவர் சைக்கிளிலிருந்து காற்றடிக்கும் பம்பைக் கழற்றினார். படிக்குப் பக்கத்தில், தண்ணீர் இன்னும் ஏறாத இடத்தில், அத்தை நடந்துவந்த தடம் மணலில் அப்படியே இருந்தது. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடது காலின் தடத்தில் பம்பின் ஒரு முனையை வைத்து, மட்டமாகப் பிடித்தார். மறுமுனை வலது காலின் தடத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அந்த இடைவெளியில் விரலைப் படுக்கவைத்து நுழைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

திரும்பி வரும்போது கரை அத்தைக்கு இடப்பக்கம் ஆகிவிட்டது. குட்டைக்கால் மேட்டில், நல்ல கால் பள்ளத்தில். காலையில் அவளைச் சாய்த்த அதே சரிவு மத்தியானம் அவளை நேராக்கிவிட்டது. அது அற்புதமில்லை என்று அப்பா கரைமேலிருந்தே கண்டுபிடித்திருந்தார். நினைத்திருந்தால் அதை வைத்தே அவளை மடக்கியிருக்கலாம். சமதரையில் நடந்து காட்டு என்று சொல்லியிருக்கலாம். பேச்சுக்குக்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

"நாலு விரக்கடை" என்றார், தடத்தைப் பார்த்தபடியே. "நாலு விரக்கடை வேணும் உனக்கு. நான் ரெண்டு விரக்கடைதான் வச்சுக் குடுத்திருக்கேன். உனக்குப் பன்னண்டு வயசுல எடுத்த அளவும்மா அது. ஒவ்வொரு தடவையும் பழசையே கொண்டுபோய்க் காட்டி, இதே மாதிரி, இதே மாதிரின்னு..."

அந்த அளவுக்குப் பிறகு கடையில் இருந்தவர்கள் அத்தையின் காலைப் பார்த்ததே இல்லை. அவளைச் சிரமப்படுத்தக் கூடாதென்று அப்பாவே போய் வந்தார். அந்த அன்பில் பதினொரு வருஷம் அவள் பாதி உயரத்தில் நொண்டியிருக்கிறாள்.

அத்தை படியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏறி வந்து இரண்டு தடங்களையும் அழித்தது.

"அப்ப நான் போகலாமாண்ணே?"

"செருப்பு தைச்சு வரட்டும். இந்தத் தடவை நீயும் கடைக்கு வா, காலை வச்சுக் காட்டு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நானே கொண்டுபோய் விடுறேன். பஸ் நிக்கிற எடம் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

அப்பா ஆற்றைப் பார்த்தார். அது எங்களைத் தாண்டி, கல்லணைப் பக்கம் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறம் நீ நடந்துக்க" என்றார்.